அல்புஹார்ரா மலையில் ஒரு நாள்

கிரனாடாவுக்கு வர்றவங்க பெரும்பாலும் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்துட்டு, நாலு படம் எடுத்துட்டு, அடுத்த ரயிலைப் பிடிச்சு செவில்லாவுக்கோ மத்ரிதுக்கோ போயிடுவாங்க. தப்பில்லை. அரண்மனை அப்படி. ஆனா அந்த அரண்மனைக்குப் பின்னாடி பனி போர்த்திக்கிட்டு ஒரு மலைத்தொடர் நிக்குதே, சியெர்ரா நெவாடா, அதுக்குத் தென்பக்கச் சரிவுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கறதில்லை. அங்கேதான் அல்புஹார்ரா. வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு அடிச்ச சின்னச் சின்ன ஊர்கள், ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வெச்சாப்பல. ஒரே நாள்ல கார் எடுத்துப் பார்த்துட்டு வந்துடலாம். நாங்க பார்த்தோம். அதைப் பத்திதான் இது.

முதல்ல நாங்க ஏன் அங்கே போனோம்னு சொல்லிடறேன். மகள் புனேயில் கல்லூரி படிக்கிறாள். ஒரு செமஸ்டர் மட்டும் கிரனாடா பல்கலைக்கழகத்துல படிக்க வாய்ப்பு வந்தது. 1531-ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம். மார்ச் 31 கணக்கு முடிப்பு ஆன கையோட லீவு போட்டுட்டு, 2025 ஏப்ரல் முதல் வாரத்துல நானும் தங்கமணியும் கிளம்பிட்டோம். எல்.எஃப்.சி. எல்லாம் இதுக்குச் செல்லாது, முழுக்கச் சொந்தக் காசு. வங்கிக்காரன் கணக்கு அங்கேயிருந்தே ஆரம்பிச்சாச்சு :-)

இன்னொரு கணக்கும் பையில வந்தது. ஊர்ல, சேரன்மாதேவி பக்கம், எங்க வீடும் எட்டு மரக்கால் விதைப்பாடு நஞ்சையும் இருக்கு. அப்பா காலமாகி நாலு வருஷம். அம்மா எங்களோடும் கோயம்புத்தூர்ல அண்ணனோடும் மாறி மாறி இருக்காங்க. வீடு பூட்டிக் கிடக்கு. ரெண்டு பேர் விலைக்குக் கேக்கறாங்க. ஒருத்தர் திருநெல்வேலியில பிளாட் போட்டு விக்கறவர், 38 லட்சம் சொல்றார். இன்னொருத்தர் இருபது வருஷமா எங்க வயலைப் பயிரிடற அண்ணாச்சி. அவரால 29 லட்சம்தான் புரட்ட முடியும். "தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லிரு, ரெண்டு பேரையும் இழுத்தடிக்க முடியாது" என்று அண்ணன் சொல்லியிருந்தார். நாங்க மலைக்குக் கிளம்பினது சனிக்கிழமை.

சரி, பயணத்துக்கு வருவோம்.

வண்டி ஓட்ட நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம ஊர் ஆர்.டி.ஓ.-வுல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கணும், ஒரு வருஷம் செல்லும். கூடவே அசல் லைசென்ஸும் கையில இருக்கணும். அங்கே சாலையோட வலப்பக்கம் ஓட்டணும். ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலது கையில. கை முதல் அரைமணி நேரம் கதவுல கியரைத் தேடும். அதுக்கப்புறம் பழகிடும். ரௌண்டானாவுல மட்டும் "அப்பா, வலது! வலது!"ன்னு கத்த ஒரு மகள் கூட இருந்தா உத்தமம்.

கிரனாடாவை விட்டு தெற்கே, மோத்ரில் கடற்கரைக்குப் போற ஏ-44 நெடுஞ்சாலையைப் பிடிச்சோம். கொஞ்ச தூரத்துல ஒரு மேடு வருது. அதுக்குப் பேர் 'மூரின் பெருமூச்சு'. 1492 ஜனவரி 2-ம் தேதி கிரனாடாவை ஸ்பெயின் ராஜா ராணிகிட்ட ஒப்படைச்சுட்டு, கடைசி முஸ்லிம் அரசர் போஆப்தில் இந்த வழியாத்தான் போனாராம். இந்த மேட்டுல நின்னு திரும்பி ஊரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். "ஆம்பளையா நின்னு காப்பாத்தத் தெரியல, இப்போ பொம்பளை மாதிரி அழறியா"ன்னு அவரோட அம்மா கேட்டதா கதை. பின்னாடி கட்டின கதைன்னுதான் சரித்திரக்காரங்க சொல்றாங்க. தங்கமணி ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டாங்க: "ஊரை விட்டுப் போற புள்ளைகிட்ட எந்த அம்மாவும் அப்படிப் பேச மாட்டா. ஆம்பளைங்க எழுதினது."

போஆப்திலுக்கு ஸ்பெயின் அரசு விட்டுக்கொடுத்த இடம்தான் அல்புஹார்ரா. அங்கேயும் அவர் ரொம்ப நாள் இல்லை. 1493-லயே கடல் தாண்டி மொராக்கோவுக்குப் போயிட்டார்.

அடுத்து லெக்ரீன் பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் ஆரஞ்சும் எலுமிச்சையும். ஆரஞ்சுக்கு ஸ்பானிஷ்ல 'நரன்ஹா'. அரபியில இருந்து வந்த சொல். அரபிக்குப் பாரசீகத்துல இருந்து, பாரசீகத்துக்கு வடமொழியில இருந்து, வடமொழிக்கு நம்ம திராவிட மொழிகள்ல இருந்துன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. நம்ம நாரத்தங்காயோட தூரத்துச் சொந்தம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மகள், "அப்பா, அடுத்து அரிசி, அர்ரோஸ்னு ஆரம்பிக்காதீங்க, அதுல இன்னும் சண்டை ஓடுது" என்று அடக்கிட்டாள்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி லான்ஹரோன். ஊத்துத் தண்ணிக்குப் பேர் போன ஊர். ஸ்பெயின் முழுக்க இந்த ஊர்ப் பேர் போட்ட பாட்டில் தண்ணி விக்குது. ஜூன் 23 ராத்திரி ஊரே தெருவுல இறங்கி ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணியை ஊத்திக்கிட்டு விழாக் கொண்டாடுமாம். தெருவுல குழாயில விழற தண்ணியைக் கையில பிடிச்சுக் குடிச்சுப் பார்த்தோம். குற்றாலத்துல காலையில முதல் தண்ணி தலையில விழறப்போ ஒரு சில்லிப்பு வருமே, அது.

அப்புறம் ஓர்ஹிவா. அங்கேயிருந்து மலை ஏத்தம். ஓர்ஹிவா 450 மீட்டர் உயரத்துல இருக்கு, பம்பனெய்ரா ஆயிரத்துக்கு மேல. நடுவுல வளைவுக்கு மேல வளைவு. கொண்டை ஊசின்னு நம்ம வால்பாறைச் சாலையில சொல்றோமே, அதே. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம். எதிர்ல டூரிஸ்ட் பஸ் வந்தா நாம ஓரமா நின்னு மரியாதை செலுத்தணும். தங்கமணி ஏத்தம் முழுக்கக் கண்ணை மூடி சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. கண்ணைத் திறந்தது பொகெய்ரா பள்ளத்தாக்கு தெரிஞ்சப்போதான். திறந்தவங்க மூடலை.

மேலே பனி மலை. அதுல ஒண்ணு முலாசென் சிகரம், ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது, 3,479 மீட்டர். போஆப்திலோட அப்பா பேர்தான் அந்த மலைக்கு. மலைக்குக் கீழே மூணு ஊர், படிப்படியா. அடியில பம்பனெய்ரா, நடுவுல புபியோன், உச்சியில 1,436 மீட்டர்ல கபிலெய்ரா. தூரத்துல இருந்து பார்த்தா, யாரோ மலைமேல வேட்டி உலர்த்தினாப்பல இருக்கு.

கிட்டப் போனா, வீடெல்லாம் மட்டப்பா வீடு. ஐரோப்பாவுல ஓட்டுச் சரிவுக் கூரையே பார்த்துட்டு வந்தவனுக்கு இது ஆச்சரியம். சுவர் கல்லும் மண்ணும், உத்தரத்துக்குச் செஸ்ட்நட் மரம், அதுக்கு மேல கல்பலகை, அதுக்கும் மேல 'லவுனா'ன்னு ஒரு சாம்பல் நிறக் களிமண். மிதிச்சு மிதிச்சு இறுக்கினா தண்ணி இறங்காது. மொராக்கோவுல அட்லஸ் மலை பெர்பெர் மக்களும் இதே மாதிரிதான் வீடு கட்டறாங்க. ஒரு வீட்டோட மாடி மேல்வீட்டுக்கு முற்றம். தெருவுக்கு மேல வீட்டையே நீட்டிக் கட்டிடறாங்க, அடியில நாம குகைக்குள்ள போறாப்பல நடக்கறோம். தெருவோட நடுவுல ஒரு சின்ன ஓடை, தண்ணி சலசலன்னு இறங்கி ஓடிக்கிட்டே இருக்கு. எல்லா ஊர்லயும் காதுல தண்ணிச் சத்தம்.

இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு மகள் சொல்ல ஆரம்பிச்சாள். அவளுக்கு இது வெறும் டூரிஸ்ட் விஷயமில்லை. கிரனாடா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வுக்குழு 2014-ல இருந்து இந்த மலைகள்ல தூந்துபோன பழைய வாய்க்கால்களை மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கிட்டுத் தூர்வாரிக்கிட்டு வருது. ரெண்டு சனிக்கிழமை இவளும் போயிருக்காள். புனேயில தன் அறையைக் கூட்டச் சொன்னா மூணு நாள் ஆகும். இங்கே வந்து வாய்க்கால் வாரியிருக்காள்! கையில காப்புக் காய்ச்சதைக் காட்டினாள். தங்கமணிக்குப் பெருமையா கோபமான்னு தெரியலை.

வாய்க்காலுக்கு ஸ்பானிஷ்ல 'அஸெக்கியா'. அதுவும் அரபுச் சொல். முஸ்லிம் ஆட்சிக் காலத்துல, பல நூறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டினது. இதுல ரெண்டு வகை. ஒண்ணு நேரா வயலுக்குப் பாயறது, அது நமக்குத் தெரிஞ்சதுதான். இன்னொண்ணுதான் விசேஷம். வசந்தத்துல பனி உருகறப்போ வர்ற வெள்ளத்தை, உயரத்துலயே வாய்க்கால் போட்டுத் திருப்பி, மலையில குறிப்பிட்ட இடங்கள்ல வேணும்னே விட்டுடறாங்க. தண்ணி பூமிக்குள்ள இறங்கிடுது. மலைக்குள்ள மெதுவா ஊறி, வாரக்கணக்குலயோ மாசக்கணக்குலயோ கழிச்சு, கோடையில கீழே ஊத்தா வெளியே வருது. மலையே ஃபிக்சட் டெபாசிட்! ஏப்ரல்ல போடறது, ஆகஸ்ட்ல முதிர்வு. அணை இல்லை, பம்ப் இல்லை, கரண்ட் பில் இல்லை.

இதை யார் கட்டினாங்களோ, அவங்க இங்கே இல்லை. அந்தக் கதை கொஞ்சம் கஷ்டமானது.

1492-க்கு அப்புறம் இங்கே இருந்த முஸ்லிம்களை மதம் மாறச் சொன்னாங்க. மாறினவங்களுக்கு மொரிஸ்கோன்னு பேர். 1567-ல ரெண்டாம் பிலிப் ராஜா ஒரு சட்டம் போட்டார். மூணு வருஷத்துக்குள்ள எல்லாரும் ஸ்பானிஷ் கத்துக்கணும், அதுக்கப்புறம் அரபி பேசக்கூடாது, எழுதக்கூடாது. உடை, பேர், பழக்கம் எல்லாத்தையும் விடணும். 1568 டிசம்பர்ல இந்த மலை கலகத்துல இறங்கிச்சு. 1571 வரைக்கும் சண்டை. ரெண்டு பக்கமும் கொடூரம். தோத்த மொரிஸ்கோக்களை 1570-ல இருந்தே கூட்டம் கூட்டமா நடத்திக் கூட்டிட்டுப் போய், ஸ்பெயினோட வேற பகுதிகள்ல சிதற விட்டாங்க. 1609-ல இருந்து 1614-க்குள்ள நாட்டை விட்டே துரத்திட்டாங்க.

காலியான ஊர்களை அரசாங்கம் அளந்தது. இங்கே எனக்குள்ள இருக்கற கடன் பிரிவு ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊருக்கு ஊர் ஒரு பதிவேடு. 'அப்பேயோ' புத்தகம்னு பேர். வீடு, வயல், மரம், மில்லு, எந்த வயலுக்கு எந்தத் தண்ணி, எல்லாம் எழுதி, வடக்கே கலீசியா, அஸ்தூரியாஸ், லியோன் பக்கத்துல இருந்தெல்லாம் ஆளுங்களைக் கூட்டி வந்து பங்கு போட்டுக் கொடுத்தாங்க. பம்பனெய்ரா, கபிலெய்ரா பேர்கள்ல கலீசிய மொழி வாடை அடிக்குதுன்னு சிலர் சொல்வாங்க. இல்லை, அது அதுக்கும் முந்தின பேர்னு வாதாடறவங்களும் உண்டு. ஒவ்வொரு குடியேறிக்கும் கிடைச்ச பங்குக்குப் பேர் 'சுவெர்த்தே'. அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டம்னும் அர்த்தம். ஒருத்தரோட அதிர்ஷ்டம் யாரோட வீடுன்னு அந்தப் புத்தகத்துலயே எழுதியிருக்கு, பழைய சொந்தக்காரர் பேரோட. நாம வில்லங்கம் பார்க்க முப்பது வருஷம் பின்னாடி போவோம். இங்கே நாலரை நூற்றாண்டு போகணும்.

புதுசா வந்தவங்களுக்கு மலையும் புரியலை, தண்ணியும் புரியலை. வாய்க்காலை எப்படி ஓட்டறதுன்னு காட்ட ஊருக்கு ரெண்டு மொரிஸ்கோ குடும்பத்தை மட்டும் விட்டு வெச்சாங்கன்னு இங்கே இன்னிக்கும் சொல்றாங்க. மல்பெரி வளர்த்துப் பட்டு நெய்ததுதான் இந்த மலையோட பெரிய தொழில். அது நொடிச்சுப் போச்சு. தண்ணி மட்டும் நிக்கலை.

கபிலெய்ராவுக்கு மேலே ஒரு ஒத்தையடிப் பாதையில நடந்தோம். மார்ச் மாசம் இந்தப் பக்கமெல்லாம் நல்ல மழை. வாய்க்கால் ததும்பிப் போகுது. எழுபது வயசுக்கு மேல மதிக்கத்தக்க ஒரு பெரியவர் அதுல இறங்கி, இலையும் சேறும் வாரிக் கரையில போட்டுக்கிட்டு இருந்தார். கையில மண்வெட்டி. நம்ம மண்வெட்டியேதான், பிடி மட்டும் கொஞ்சம் நீளம். மகள் ஸ்பானிஷ்ல பேச்சுக் கொடுத்தாள். அவள் எந்த வாய்க்கால் வாரினாள்னு கேட்டதும் பெரியவர் முகம் மலர்ந்துடுச்சு. வெளியே ஏறி உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

சின்ன வயசுல பார்சலோனாவுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல தொழிற்சாலையில வேலை. 1950, 60-கள்ல இந்தப் பக்கத்துல இருந்து பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் கூட்டம் கூட்டமாப் போயிருக்காங்க. இவர் திரும்பி வந்துட்டார். பிள்ளைகள் வரலை. ஆகஸ்ட்ல பத்து நாள் வருவாங்களாம், பேரப்பிள்ளைகளுக்கு இன்டர்நெட் மெதுவா இருக்குன்னு குறையாம். நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

தண்ணி முறை எப்படின்னு கேட்டேன். வாய்க்காலுக்கு ஒரு சங்கம், பங்குதாரர் பட்டியல், யாருக்கு எந்த நாள் எத்தனை மணி நேரம்னு கணக்கு. ராத்திரி முறை வந்தா ராத்திரிதான் போகணும். வசந்தத்துல எல்லாரும் சேர்ந்து தூர்வாரணும், வராதவர் பணம் கட்டணும். நான் சிரிச்சுட்டேன். நம்ம குடிமராமத்துதான். தமிழ்நாட்டு அரசு 2017-ல அந்தப் பேர்லயே ஒரு திட்டம் கொண்டு வந்ததே. எங்க ஊருக்கு வர்றது கன்னடியன் கால்வாய்த் தண்ணி. முறைத்தண்ணிக்கு அப்பா அர்த்த ராத்திரியில அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமா கிளம்புவார். ஆரம்பப் பள்ளி வாத்தியார். காலையில சேறு காய்ஞ்ச காலோட குளிக்கப் போவார், ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். "வேலைக்குப் போயிட்டு எதுக்குப்பா இந்தத் தொல்லை?"ன்னா, "கடைமடைக்காரன் காத்துக்கிட்டு இருப்பாம்ல"ம்பார். நம்ம மடையைச் சரியா அடைச்சாத்தான் கடைசி வயலுக்குத் தண்ணி போகும்.

இதை மகளுக்குத் தமிழ்ல சொன்னேன். அவள் ஸ்பானிஷ்ல பெரியவருக்குச் சொன்னாள். 'கடைமடை'க்கு அவளுக்கு ஸ்பானிஷ் வார்த்தை அகப்படலை, கையால காட்டினாள். பெரியவர் தலையாட்டினார். அவருக்குப் புரிஞ்சது.

கீழே வீடுகளைக் காட்டி, பூட்டிக் கிடக்கற வீடெல்லாம் யாருதுன்னு கேட்டேன். பல கதவுல 'ஸெ வெந்தெ'ன்னு பலகை. "என்ன வெந்துது?"ன்னாங்க தங்கமணி. விற்பனைக்குன்னு அர்த்தம். பெரியவர் எண்ணிக் காட்டினார். அது வெளிநாட்டுக்காரர் வாங்கினது, வருஷத்துல மூணு வாரம் வருவார். அது மத்ரித் டாக்டரோடது, விடுதியா விடறார். அது அண்ணன் தம்பி பாகத் தகராறு, கூரை இறங்கிடுச்சு. இது ஒரு ஜோடி, பார்சலோனா பக்கத்துல இருந்து வந்தவங்க, ஆடு வளர்க்கறாங்க, வாய்க்கால் வாரவும் வர்றாங்க. "இந்த ஊர்க்காரங்க இல்லையே, பரவாயில்லையா?"ன்னு மகள் கேட்டாள். பெரியவர் சொன்னது இதுதான்: எங்க பாட்டன் பூட்டனும் இந்த ஊர்க்காரங்க இல்லையே. தண்ணிக்குத் தேவை ஆள். எங்கேயிருந்து வந்தார்னு அது கேக்கறதில்லை.

சொல்லிட்டு மறுபடி வாய்க்கால்ல இறங்கிட்டார்.

மதியச் சாப்பாடு. சைவக்காரங்களுக்கு இந்த மலை கொஞ்சம் சோதனைதான். முட்டை, பன்றித் தொடை, ரத்தத் தொத்திறைச்சி எல்லாம் ஒரே தட்டுல வைக்கறதுதான் உள்ளூர் விசேஷம். ஆனா 'ஏழையின் உருளைக்கிழங்கு'ன்னு ஒண்ணு இருக்கு. உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ் எண்ணெயில வதக்கினது. சும்மா சொல்லக்கூடாது, அமிர்தம். இன்னொண்ணு 'மீகாஸ்'. இந்தப் பக்கத்துல ரவை மாதிரி கோதுமை மாவுல உதிரி உதிரியாக் கிண்டறாங்க. இறைச்சி வேண்டாம்னு சொல்லி வாங்கினோம். தட்டு வந்ததும் மூணு பேரும் ஒரே குரல்ல: "உப்புமா!" ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் விடலை. தங்கமணி கைப்பையில இருந்து மிளகாய்ப்பொடியை எடுத்தாங்க. சர்வர் கொஞ்சம் கேட்டு வாங்கி ருசி பார்த்துட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சார்.

சாப்பிடறப்போதான் வீட்டுப் பேச்சு வந்தது. 38-க்கும் 29-க்கும் ஒன்பது லட்சம் வித்தியாசம். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு, அவர்கிட்ட நட்டத்துல பாதியை ஏத்துக்கோன்னு கேக்க எனக்கு வாய் வராது. அப்படின்னா முழு ஒன்பதும் என் தலையில. எங்க மகளோட மேல்படிப்புக்குன்னு மனசுக்குள்ள ஒதுக்கி வெச்ச காசு அது. பிளாட்காரர் கைக்குப் போனா, நஞ்சை மேல மண்ணடிப்பாங்க, எங்க வயல் வழியாப் போற கிளை வாய்க்கால் மூடிடும். கீழே இன்னும் ஏழெட்டுப் பேர் வயல் இருக்கு.

"செண்டிமெண்ட்ல முடிவெடுக்காதீங்க"ன்னாங்க தங்கமணி. நியாயம். நானும் வங்கிக் கணக்காவே போட்டுப் பார்த்தேன். பூட்டின வீடு சொத்து இல்லை, செலவு. வருஷா வருஷம் கூரைக்கு, வரிக்கு, போக வர. நாங்க திரும்பிப் போய் அங்கே வாழப் போறதில்லை, அதுல ஏமாத்திக்க ஒண்ணுமில்லை. விக்கத்தான் வேணும். யாருக்குங்கறதுதான் கேள்வி.

மகள் முள்கரண்டியைக் கீழே வெச்சாள். "அப்பா, என் படிப்புக்கு லோன் போடலாம். தினமும் யாருக்கோ போட்டுத் தர்றீங்க இல்ல? நான் இங்கே வந்து யாரோ ஊர் வாய்க்காலை வாரறேன், தாத்தா வாய்க்காலை மூடின காசுல படிச்சா நல்லாவா இருக்கும்?"

தங்கமணி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "வட்டி எத்தனை பர்சென்ட்?"ன்னு கேட்டாங்க. அவங்க அப்படிக் கேட்டா சம்மதம்னு அர்த்தம்.

அண்ணனுக்கு அங்கேயிருந்தே போன் போட்டேன். அம்மா அப்போ அவர் வீட்டுல. முதல்ல அம்மாகிட்ட கொடுக்கச் சொன்னேன், அவங்களுக்கும் பாகம் உண்டே, கையெழுத்தும் வேணும். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னாங்க: "எனக்குக் காசு என்னத்துக்குல? வாசல்ல யாராவது தூத்துத் தெளிச்சு ஒரு கோலம் போட்டாப் போதும்." அண்ணன் போனை வாங்கி, "யோசிச்சுச் சொல்லுதேன்"னார்.

மறுபடி காரைக் கிளப்பினோம். எதிர்ச் சரிவுல ஓசெல் லிங்னு ஒரு திபெத்திய பௌத்த மையம். 1982-ல தலாய் லாமா வந்து பேர் வெச்சது. புபியோன்ல வாழ்ந்த ஒரு ஸ்பானிஷ் தம்பதிக்கு 1985-ல பிறந்த குழந்தையை, காலமான லாமா ஒருவரோட மறுபிறவின்னு அடையாளம் கண்டு, கடைசியில நம்ம கர்நாடகத்துல இருக்கற சேரா மடத்துல படிக்க வெச்சாங்க. பெரியவனானதும் அவர் மடத்தை விட்டு வந்துட்டார். யார் யாரோ எங்கெங்கேயோ போறாங்க, வர்றாங்க.

போர்த்துகோஸ்ல சாலையோரமா ஒரு இரும்புச் சத்து ஊத்து. பாறையெல்லாம் செக்கச் செவேல்னு துருப் பிடிச்சாப்பல. தண்ணி இயற்கையிலேயே சோடா மாதிரி சுருசுருன்னு நாக்கைக் கடிக்கும். ஒரு வாய்க்கு மேல முடியலை. அடுத்து த்ரெவேலெஸ், 1,476 மீட்டர், ஸ்பெயினோட உயரமான ஊர்கள்ல ஒண்ணு. பன்றித் தொடையை மலைக்காத்துல மாசக்கணக்கா உலர்த்தறதுக்குப் பேர் போனது. 1862-ல இரண்டாம் இசபெல் ராணி அரச முத்திரை போட அனுமதி கொடுத்தாராம். கடைக்குக் கடை உத்தரத்துல வரிசையாத் தொங்குது. தங்கமணி மூக்கைப் பொத்திக்கிட்டுக் காருக்குள்ளேயே இருந்துட்டாங்க. நான் மட்டும் இறங்கி ஒரு காபி குடிச்சேன்.

ஏப்ரல்ல அங்கே ராத்திரி எட்டரை வரை வெளிச்சம் இருக்கு. அதனால அவசரமில்லாம காதியார், தொர்விஸ்கோன் வழியா இறங்கி, ஓர்ஹிவா வந்து, ஒன்பதரைக்குக் கிரனாடா சேர்ந்தோம்.

போக நினைக்கிறவங்களுக்கு: காலையில எட்டுக்குள்ள கிளம்பிடுங்க. பெட்ரோலை ஓர்ஹிவாவிலேயே போட்டுக்குங்க. காரை ஊருக்கு வெளியே இருக்கற நிறுத்தத்துல விட்டுட்டு நடங்க, தெருவுக்குள்ள கொண்டு போனா திருப்ப முடியாது. ஸ்வெட்டர் கட்டாயம். மிளகாய்ப்பொடி உங்க இஷ்டம். ஒரே நாள்ல எல்லா ஊரும் பார்க்கணும்னு ஓடாதீங்க, மூணு நாலு போதும். எங்கேயாவது வாய்க்கால் கரையில அரைமணி நேரம் உட்காருங்க.

அண்ணன் திங்கட்கிழமை பேசினார். "நீ மட்டும் எதுக்குல சுமக்கணும்? மூணு எனக்கு, ஆறு உனக்கு. கல்யாண மண்டபத்தைக் கொஞ்சம் சின்னதாப் பாத்துக்கிடுதேன்." ஜூன் மாசம் சேரன்மாதேவி சார்பதிவாளர் ஆபீஸ்ல அம்மா, அண்ணன், நான் மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அண்ணாச்சி பேருக்கு. அவர் மகன் கல்யாணம் பண்ணி அந்த வீட்டுலதான் குடியிருக்கப் போறானாம். எழுத்தர் பத்திரத்தை வாசிச்சுக் காட்டினார். நாலு எல்லை, பரப்பு, மரம், கிணறு எல்லாம் வாசிச்சுட்டு, மாமூல் வழிநடைப் பாத்தியமும் நீர்ப்பாத்தியமும் உட்படன்னு வர்ற வரியை வழக்கம் போல வேகமாத் தாண்டினார். அண்ணாச்சி அவரை நிறுத்தி, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.